கட்டுமரம் போச்சு, பாடு இருக்கு

கும்மிடிப்பூண்டின்னு சொன்னா நம்மாட்களுக்கு ஞாபகம் வர்றது ரெண்டே விஷயம்தான். ஒண்ணு சிப்காட், இன்னொண்ணு லோக்கல் ட்ரெயின். அதே ட்ரெயின்ல ரெண்டு ஸ்டேஷன் முன்னாடி பொன்னேரியில இறங்கி பஸ் பிடிச்சா பழவேற்காடு. ஏரிக்கரையில டச்சுக்காரங்க கல்லறை, சீசன்ல வர்ற பூநாரைகள்னு ஏற்கனவே நிறைய பேர் போட்டோவோட எழுதிட்டாங்க. அதனால அதை விட்டுடறேன். ஞாயித்துக்கிழமை லீவுல அந்தப் பக்கம் போய் வர்ற பழக்கம் எனக்கு உண்டு. அங்கே கரையில இப்ப கண்ணுக்கே தட்டுப்படாத ஒரு பொருளைப் பத்தித்தான் இந்தப் பதிவு. பாய் விரிச்சு ஓடின கட்டுமரம்!

மீனவர்கள் அதை 'மரம்'னு மட்டும்தான் சொல்வாங்க. லேசான மரத்துண்டுகள் சிலதைச் செதுக்கி, முன்னாடியும் பின்னாடியும் கயிறு போட்டு இறுக்கிக் கட்டுறது. அவ்வளவுதான். ஆணி கிடையாது. கரைக்கு வந்ததும் கட்டை அவிழ்த்து, மரத்தைத் தனித்தனியா வெயில்ல காயப்போடணும். இல்லேன்னா தண்ணி குடிச்சு கனமாயிடும். ஒரு துண்டு கெட்டுப்போனா அதை மட்டும் மாத்திக்கலாம், மொத்தமா தலைமுழுக வேண்டியதில்லை. முக்கோணப் பாய், துடுப்பு, ரெண்டு மூணு ஆள் இருந்தா போதும். வாடையும் கொண்டலும்தான் இஞ்சின் :-)

பார்க்கிறதுக்கு ஏதோ அவசரத்துக்குக் கட்டின தெப்பம் மாதிரி இருக்கும். ஆனா நம்ம கிழக்குக் கரைக்கு அதைவிடப் பொருத்தமான கலம் கிடையாதுன்னு அடிச்சுச் சொல்லலாம். சோழமண்டலக் கரையில இயற்கைத் துறைமுகம் ரொம்பக் குறைவு. அலை நேரா வந்து கரையில மோதும். மேலைநாட்டுப் படகா இருந்தா அந்த அலையில தண்ணி ஏறி முழுகிடும். கட்டுமரத்துல தண்ணி ஏறினாலும் இடுக்கு வழியா கீழே போயிடும். இறைக்கிற வேலையே இல்ல. கவிழ்ந்தாலும் முழுகாது, திருப்பிப் போட்டு ஏறிக்கலாம்.

1613ல டச்சுக்காரங்க பழவேற்காட்டுல கெல்ட்ரியா கோட்டையைக் கட்டி முடிச்சாங்க. 1825ல அந்த ஊர் ஒரேயடியா இங்கிலீஷ்காரன் கைக்குப் போச்சு. அந்த இருநூறு வருஷமும் பெரிய கப்பல் எதுவும் கரையை ஒட்டி வந்ததில்லை. தூரத்துல நங்கூரம் போட்டு நிக்கும். துணிமூட்டையும் ஆளும் போறது வர்றது எல்லாம் சின்னப் படகுலதான். சென்னையிலயும் துறைமுகம் கட்டுறதுக்கு முன்னாடி இதே கதைதான். சரக்குக்கும் பயணிகளுக்கும் கயிற்றால் தைத்த மசூலா படகு, அலை எவ்வளவு மோசமா இருந்தாலும் கடிதம் கொண்டு போக கட்டுமரம். வணிகத்தின் வரலாற்றில் கோட்டைக்குப் பேர் இருக்கு, கவர்னருக்குப் பேர் இருக்கு. மரம் ஓட்டினவனுக்கு இல்ல.

ஆனா மரத்தோட பேர் மட்டும் உலகம் சுத்திடுச்சு. 1697ல வெளிவந்த வில்லியம் டாம்பியரோட பயண நூல்லயே இந்தச் சொல் வருது. இப்ப 'கேட்டமரன்'னா உலகத்துக்கு ரெட்டை உடல் வச்ச பந்தயப் படகு. அந்த அமைப்பு பசிபிக் தீவுக்காரங்க கலத்துல இருந்து வந்தது. பேரு மட்டும்தான் நம்மளுது!

இதையெல்லாம் உட்கார்ந்து அளந்து எழுதினவர் ஜேம்ஸ் ஹார்னெல். சென்னை மாகாண மீன்துறையின் இயக்குநரா இருந்தவர். இந்தியப் படகு வடிவங்களைப் பத்தி 1920ல அவர் எழுதின நூலைப் பார்த்தா, கட்டுமரம்னு ஒரே ஒரு வகை கிடையாதுன்னு தெரியும். ஒவ்வொரு கரைக்கும் ஒரு கட்டு. நாகப்பட்டினம் பக்கம் பறக்கும் மீனான கோலாவைப் பிடிக்கவே தனியா கோலாமரம்.

சரி, எப்படிப் போச்சு? ஒரே நாள்ல போகல. சுதந்திரத்துக்குப் பிறகு விசைப்படகு வந்தது. 1970களின் கடைசியில சென்னைக் கரையில விசைப்படகுக்கும் கட்டுமரத்துக்கும் பெரிய மோதலே நடந்தது. அதோட விளைவுதான் 1983ம் வருஷத்துத் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம். கரையில இருந்து 3 கடல் மைல் வரைக்கும் பாரம்பரிய மீனவர்களுக்குன்னு ஒதுக்கினாங்க. கடைசி அடி 2004 டிசம்பர் 26 சுனாமி. உடைஞ்ச மரங்களுக்குப் பதிலா நிவாரணமா வந்தது பெரும்பாலும் பைபர் படகு. வேகம், வசதி, பாதுகாப்பு எல்லாம் கூடுதல்தான், மறுக்கல. ஆனா காத்துக்குக் காசு கேட்க ஆளில்ல. இஞ்சினுக்கு தினமும் எண்ணெய் ஊத்தணும். வலையில மீன் விழுதோ இல்லையோ, அந்தச் செலவு முன்னாடியே விழுந்துடும்.

இங்கதான் நான் சொல்ல வந்த விஷயம். மரம் போச்சு, ஆனா பழவேற்காட்டுல இன்னொண்ணு நின்னுச்சு. அதுக்குப் பேரு பாடு. பொதுவா கடற்கரையில 'பாடு'ன்னா அன்னைக்குக் கிடைச்ச மீன்வரவு. ஏரியில அதுக்கு இன்னொரு அர்த்தமும் உண்டு, முறை வச்சு மீன் பிடிக்கிற இடம். ஏரியில இறால் ஓடுற நல்ல இடங்கள் கொஞ்சம்தான். எல்லாரும் ஒரே இடத்துல சுத்துவலை கட்டினா அடிதடிதான். அதனால பட்டினவர் குப்பங்கள்ல எந்த நாள் யாருக்கு எந்த இடம்னு முறை போட்டுப் பிரிச்சுக்குவாங்க. கல்யாணம் ஆனவன் தலைக்கட்டா சேர்ந்தா அவனுக்கும் ஒரு முறை உண்டு. இன்னைக்கு நல்ல இடம் கிடைச்சவனுக்கு நாளைக்கு சுமாரான இடம். போலீஸ் இல்ல, கோர்ட் இல்ல, ஊர்க்கூட்டம்தான்.

இதே மாதிரி ஒரு கட்டுப்பாடு இங்கிலாந்தோட தென்மேற்கு மூலையிலயும் இருக்கு. கார்ன்வால்ல ஃபால்னு ஒரு ஆறு. அங்கே சிப்பி வாரப் போற படகுல இஞ்சினைப் பயன்படுத்தக் கூடாது, பாய் இல்லேன்னா துடுப்புதான்னு 19ம் நூற்றாண்டுல இருந்தே விதி. சிப்பி அழிஞ்சுடக் கூடாதுன்னு போட்ட விதி, கூடவே பாய்மரப் படகையும் காப்பாத்திக் கொடுத்துடுச்சு. (கொசுறு: கார்ன்வால் மீனவர்கள் பாயும் வலையும் மக்காம இருக்கச் சாயம் ஏத்தினது எதுலன்னு நினைக்கிறீங்க? இந்தியாவுல இருந்தும் பர்மாவுல இருந்தும் போன, நாம வெத்தலையில போடுற அதே காசுக்கட்டிதான்.)

அங்கே விதி படகைக் காப்பாத்துச்சு. இங்கே படகு போன பிறகும் விதி மிச்சம் இருக்கு. என்னைக் கேட்டா படகைவிட விதிதான் பெரிய சொத்து.

பாடு ஏதோ பொற்காலச் சமத்துவம்னு சொல்ல வரல. அது ஒரு சாதிக்குள்ள போட்ட ஏற்பாடு. ஏரியை நம்பிப் பிழைக்கிற மத்த சாதிக்காரங்களுக்கு அதுல முறை இல்ல. தண்ணியில இறங்கிக் கையாலேயே இறால் தடவிப் பிடிக்கிற இருளர் பெண்களுக்கும் இல்ல. 1980களுக்குப் பிறகு இறால் ஏற்றுமதியில விலை ஏற ஏற, இந்த வெளியாள் கேள்வி சண்டையாவே வெடிச்சுது. முறை வைக்கத் தெரிஞ்ச ஊர், அந்த முறையில இன்னும் யாரைச் சேர்க்கணும்னும் யோசிக்கணும் இல்லீங்களா?

அதுக்கு முதல்ல ஏரி இருக்கணும். ஏரிக்குக் கடல் தண்ணி வந்து போற முகத்துவாரம் மணல் மூடி அடைச்சுக்குது. தெற்கே 2001ல எண்ணூர் துறைமுகம் வந்தது. அப்புறம் பக்கத்துலயே காட்டுப்பள்ளி துறைமுகம். அதை விரிவாக்கப் போறோம்னதும் பழவேற்காடு வரைக்கும் மீனவர்கள் போராட்டத்துல இறங்கினாங்க. பங்கு போட்டுக்க எத்தனை நல்ல முறை இருந்தாலும், பங்கு போட இறால் வேணும்.

உங்க ஊர்க் கரையில மரத்தோட பாகங்களுக்கு, காத்துக்கு, நீரோட்டத்துக்கு என்ன பேரு? வீட்டுல பெரியவங்க இருந்தா கேட்டுட்டு வந்து பின்னூட்டத்துல போடுங்க. ஹார்னெல் அளந்துட்டுப் போனது மரத்தைத்தான். பேச்சை நாமதான் எழுதி வைக்கணும்.