சிதைவு கிடைக்காத விபத்துகள்: சென்னைக் கடற்கரையிலிருந்து ஓர் ஆய்வு

தேனாம்பேட்டையைக் கடந்து தெற்கே நீளும் சாலை பரங்கிமலை, மீனம்பாக்கம், தாம்பரம் என்று போகிறது. சென்னையின் விமான வரலாறு பெரும்பாலும் இந்தச் சாலையை ஒட்டியே நடந்திருக்கிறது. தபால் சுமந்தவை, கடலோரத்தைக் கண்காணித்தவை, தீவுகளுக்கு ஆட்களையும் சரக்கையும் கொண்டுபோனவை என்று வேலை பார்த்த விமானங்களின் வரலாறு அது. இத்தகைய விமானங்களின் விபத்துகளை ஆராய்வோர் இயந்திரக் கோளாறு, வானிலை, விமானியின் பிழை என்று காரணங்களை வகைப்படுத்துவது வழக்கம். அந்த வகைப்பாட்டுக்கு முன்பே ஒரு நிபந்தனை இருக்கிறது: சிதைவு கையில் கிடைத்திருக்க வேண்டும். சிறு விமானங்களின் விபத்துக் காரணங்கள் என்று நாம் அறிந்திருப்பவை, தேடிக் கண்டெடுக்க முடிந்த விபத்துகளின் காரணங்கள் மட்டுமே என்பதே இக்கட்டுரையின் வாதம்.

1932 அக்டோபர் 15 அன்று ஜே.ஆர்.டி. டாடா கராச்சியிலிருந்து பம்பாய்க்குத் தபாலைக் கொண்டுவந்தார். அங்கிருந்து நெவில் வின்சென்ட் பெல்லாரி வழியாக அதைச் சென்னையில் சேர்த்தார். இந்தச் சேவைக்குப் பயன்பட்டது டி ஹாவிலண்ட் நிறுவனத்தின் பஸ் மாத் என்ற ஒற்றை இயந்திரச் சிறு விமானம். அந்த வகை அப்போதே சந்தேகத்துக்கு உள்ளாகியிருந்தது. 1930இல் மேற்கு ஆஸ்திரேலியாவிலும், 1931இல் தென்னாப்பிரிக்காவின் டிராக்கன்ஸ்பெர்க் மலைப்பகுதியிலும் பஸ் மாத் விமானங்கள் பறந்துகொண்டிருக்கும்போதே உடைந்து சிதறின. பிறகும் இதே போன்ற விபத்துகள் தொடர்ந்தன. காற்றுக் கொந்தளிப்பில் குறிப்பிட்ட சில நிலைமைகளில் இறக்கை முறியக்கூடும் என்பது ஆய்வில் தெரியவந்தது. இறக்கையைத் தாங்கும் தண்டுகளுக்கு இடையே கூடுதலாக ஒரு சிறு தாங்கி பொருத்தப்பட்டது. விழுந்தவற்றின் துண்டுகள் தரையில் கிடந்தன, அவற்றைப் பொறுக்கி ஒப்பிட முடிந்தது. அதனால்தான் திருத்தமும் சாத்தியமாயிற்று. அதே விமானங்கள் ஆழ்கடலில் விழுந்திருந்தால், விமானிகள் வழிதவறினார்கள் என்ற ஊகத்தோடு கோப்புகள் மூடப்பட்டிருக்கக் கூடும்.

இந்தத் தர்க்கத்தைக் கணித மொழியில் நிறுவியவர் புள்ளியியலாளர் ஆபிரகாம் வால்ட். இரண்டாம் உலகப் போரின்போது கொலம்பியா பல்கலைக்கழகத்தின் புள்ளியியல் ஆய்வுக் குழுவில் பணியாற்றிய அவர், திரும்பி வந்த விமானங்களின் சேதத்தை மட்டும் பார்த்து முடிவு செய்யக் கூடாது, திரும்பாதவற்றையும் கணக்கில் கொள்ள வேண்டும் என்று காட்டினார். இந்திய அரசின் அழைப்பில் விரிவுரைப் பயணம் வந்திருந்த அவரும் அவர் மனைவியும் 1950 டிசம்பர் 13 அன்று நீலகிரி மலையில் ஏர் இந்தியா டகோட்டா விமானம் மோதியதில் இறந்தனர். விமானத்தில் இருந்த வேறு எவரும் பிழைக்கவில்லை.

வால்டின் கணக்கு போர்க்காலத்துக்குரியது, விபத்து விசாரணையோ ஒவ்வொரு விபத்தையும் தனித்தனியாகத் துருவுவது, இரண்டையும் ஒப்பிடலாமா என்று கேட்கலாம். தனி விசாரணைக்கு இந்த மறுப்பு பொருந்தும். ஆனால் பல விசாரணைகளின் முடிவுகளைத் தொகுத்து, எந்தக் காரணம் அதிகம் என்று சொல்லத் தொடங்கியதுமே நாம் புள்ளியியலுக்குள் வந்துவிடுகிறோம். காணாமல் போகும் விமானங்கள் எல்லா இடங்களிலும் சமமாகக் காணாமல் போவதில்லை. கடலுக்கு மேல், கரைக்குத் தொலைவில், இரவிலோ மேகத்திலோ பறந்தவையே அதிகம் தொலைகின்றன. தொடுவானம் தெரியாத கடல் இருட்டில் விமானிக்கு ஏற்படும் திசை மயக்கம் போன்ற காரணங்கள், அவ்வாறு தொகுக்கும் பட்டியலில் குறைவாகவே பதிவாகும்.

வங்கக் கடலில் ஓராண்டு இடைவெளியில் நடந்த இரண்டு விபத்துகள் இதைத் தெளிவாக்குகின்றன. 2015 ஜூன் 8 அன்று மாலை சென்னையிலிருந்து கண்காணிப்புக்குப் புறப்பட்ட கடலோரக் காவல் படையின் டார்னியர் 228 விமானம், மூன்று பேருடன் இரவு ஒன்பது மணியளவில் தொடர்பிழந்தது. நீருக்கடியில் ஒலி எழுப்பும் கருவி அதில் இருந்தது. அந்த ஒலியைக் கடற்படைக் கப்பலும் நீர்மூழ்கியும் பிடித்தன. தனியார் நிறுவனத்தின் ஒலிம்பிக் கேன்யன் கப்பல் ஜூலை மாதம் கடலூருக்கு அப்பால் சுமார் 1000 மீட்டர் ஆழத்திலிருந்து பறப்புப் பதிவுக் கருவியை மீட்டது. இத்தகைய ஒலிக்கருவியின் மின்கலம் அப்போது வழக்கமாக 30 நாட்களே உழைத்தது என்பதை நினைத்தால், காலம் எவ்வளவு குறுகலாக இருந்தது என்பது புரியும். 2016 ஜூலை 22 அன்று தாம்பரத்திலிருந்து போர்ட் பிளேருக்குப் புறப்பட்ட விமானப்படையின் ஏ.என்.-32 விமானம் 29 பேருடன் மறைந்தது. அது சிறிய விமானமன்று. ஆனாலும் பார்த்த வேலையும் பறந்த கடலும் இந்த வரலாற்றைச் சேர்ந்தவை. அதில் நீருக்கடியில் ஒலிக்கும் கருவி இல்லை. பெருந்தேடல் நடந்தும் எதுவும் அகப்படவில்லை. பள்ளிக்கரணையிலுள்ள தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனத்தின் தானியங்கி நீர்மூழ்கிக் கலம் எடுத்த படங்களைக் கொண்டு, சென்னைக் கரையிலிருந்து சுமார் 310 கிலோமீட்டர் தொலைவில், 3400 மீட்டர் ஆழத்தில் சிதைவு கிடப்பதாக 2024 ஜனவரியில் அறிவிக்கப்பட்டது. ஏழரை ஆண்டுகளாகக் காத்திருந்த குடும்பங்களுக்கு, விமானம் எங்கே என்பதற்கு அன்றுதான் விடை கிடைத்தது. ஏன் என்பதற்குப் படங்கள் மட்டும் போதா.

பெரும்பாலான சிறு விமான விபத்துகள் மனிதப் பிழையால் நேர்பவை, பயிற்சிக்குச் செலவிட வேண்டிய பணத்தைக் கருவிகளில் கொட்டுவானேன் என்பது வலுவான மறுப்பு. பயிற்சியின் அவசியத்தில் எனக்கு ஐயமில்லை. ஆனால் எதைப் பயிற்றுவிப்பது என்பதும் பதிவுகளிலிருந்தே தெரியவருகிறது. 2009இல் அட்லாண்டிக்கில் விழுந்த ஏர் பிரான்ஸ் 447 விஷயத்தில், வேகமானிக் குழாய் உறைந்திருக்கலாம் என்ற ஊகம் முதலிலேயே இருந்தது. அதன்பின் விமானிகள் என்ன செய்தார்கள் என்பது 2011இல் பதிவுக் கருவிகளை மீட்ட பிறகே தெரிந்தது. விமானிகளுக்கான பயிற்சியில் மாற்றங்கள் வந்ததும் அதன் பிறகுதான். ஏர் பிரான்ஸ் விபத்தின் விளைவாகவும், 2014இல் மலேசிய விமானம் எம்.எச். 370 மறைந்ததன் விளைவாகவும், ஒலிக்கருவியின் ஆயுளை 90 நாட்களாக நீட்டும் விதி வந்தது.

எடையும் செலவும் பற்றிய மறுப்புக்கு ஒரு காலத்தில் நியாயம் இருந்தது. 5700 கிலோவுக்குக் குறைந்த விமானங்களுக்கு முழு அளவிலான பதிவுக் கருவி பொதுவாகக் கட்டாயமில்லை என்ற வரம்பு அந்தக் காலத்து யோசனையிலிருந்து வந்தது. இன்று எடை குறைந்த பதிவுக் கருவிகள் உள்ளன. மோதியதும் விமானத்திலிருந்து பிரிந்து நீரில் மிதக்கும் வகையும் உள்ளது. ஆகவே எடையை மட்டும் அளவுகோலாகக் கொள்ளாமல், விமானம் எங்கே பறக்கிறது என்பதையும் அளவுகோலாக்க வேண்டும். கரையிலிருந்து தொலைவில், ஆழ்கடலுக்கு மேல் வேலைக்குச் செல்லும் எந்த விமானமும், அரசுடையதோ தனியாருடையதோ, இக்கருவிகள் இன்றிப் புறப்பட அனுமதிக்கப்படக் கூடாது.