மறதிநோயாளரின் இல்லப் பராமரிப்புத் தேவை மதிப்பீடு

டிமென்ஷியா எனப்படும் மறதிநோய் உள்ளவர் வீட்டிலேயே வாழ எதில், எவ்வளவு துணை வேண்டும் என்று கண்டறியும் முறை. நினைவாற்றல் சோதனை மட்டும் இதற்குப் போதாது. ஒரே மதிப்பெண் பெற்ற இருவரில் ஒருவர் தானே உடுத்துவார்; மற்றவருக்குப் பொத்தான் போட வராது.

சிட்னி காட்ஸ் குழுவினர் 1963இல் வெளியிட்ட அளவுகோல் குளித்தல், உடுத்தல், உண்ணுதல் உள்ளிட்ட 6 அன்றாடச் செயல்களைப் பார்க்கிறது. பணம், மருந்து, சமையல், தொலைபேசி போன்றவற்றுக்கு லாட்டன்–பிரோடி அளவுகோல் (1969) உண்டு. பெரும்பாலும் முதலில் தடுமாறுபவை இவைதான். வாழ்நாளில் சமைத்தே அறியாதவரை ‘சமைக்க இயலாதவர்’ என்று குறிப்பது பிழை. அவர் முன்பு செய்துவந்ததோடுதான் ஒப்பிட வேண்டும்.

கேட்டு எழுதுவதைவிட நேரில் பார்ப்பது மேல். “நானே குளிச்சுக்குவேன்” என்பவர், குளியலறையில் வாளியையும் சோப்பையும் பார்த்தபடி திகைத்து நிற்கலாம். அவருக்கு வேண்டியது குளிப்பாட்டும் கை அல்ல. “தண்ணி ஊத்திக்கோங்க, இப்ப சோப்பு போடுங்க” என்று பக்கத்திலிருந்து சொல்லும் குரல். இவ்வேறுபாட்டைப் பதியாத மதிப்பீடு, எஞ்சியிருக்கும் திறனையும் பறித்துவிடும். கேஸ் அடுப்பு, வழுக்கும் தரை, உள்தாழ்ப்பாள், வாசல் தாண்டி அலையும் பழக்கம் ஆகியவையும் கவனத்துக்குரியவை.

பராமரிப்பவரின் தூக்கம், உடல்நிலை, மனச்சுமை ஆகியவற்றைத் தனியே பேசி அறிய வேண்டும். நோயாளியின் எதிரில் அவர் வாய் திறக்கமாட்டார். இச்சுமையை அளக்க, 1980இல் ஸ்டீவன் சாரிட் குழுவினர் அறிமுகப்படுத்திய வினாநிரல் பரவலாகப் பயன்படுகிறது.

நோயாளி கீழே விழுந்தாலோ மருத்துவமனையிலிருந்து திரும்பினாலோ மறுமதிப்பீடு அவசியம். திடீர்க் குழப்பம் தொற்றாலோ புதிய மருந்தாலோ வரக்கூடும் என்பதால் உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டும்.