தீவக நீரும் மேனி நலமும்

மேனியைப் பேணுவோர் பூசும் பொருளைத் தேர்வதிற் காட்டும் கவனத்தை, அதனைக் கழுவும் நீரிற் காட்டுவதில்லை. யாழ்ப்பாணத் தீவகத்தின் பழைய முழுக்கு வழக்கமோ நீரை ஒட்டியே அமைந்திருந்தது.

ஊர்காவற்றுறை, நயினாதீவு, நெடுந்தீவு ஆகியன சுண்ணக்கல் நிலங்கள். மழைநீர் அக்கல்லினூடே இறங்கும்போது கல்சியத்தைக் கரைத்துக்கொண்டு கிணற்றை அடைகிறது. அந்த வன்னீரிற் சவர்க்காரம் எளிதில் நுரைப்பதில்லை. அது கரையாத கசடாகித் தோலில் ஒட்டி, வறட்சியை விளைக்கிறது. 1841ஆம் ஆண்டில் அபர்தீன் நகரத்து வேதியியற் பேராசிரியர் தாமஸ் கிளார்க், சுண்ணாம்பைக் கொண்டே நீரின் வன்மையைக் குறைக்கும் முறைக்கு உரிமம் பெற்றார்.

தீவக மகளிரின் வழி வேறு. நல்லெண்ணெய் வைத்து முழுகும் நாளிற் சீயாக்காயையும் வெந்தயத்தையும் தேசிக்காயோடு அவித்துத் தலைக்கு இட்டனர். உடலுக்குப் பயற்றம்மாவைத் தேய்த்தனர். சீயாக்காயின் நுரை வன்னீரிற் கசடாவதில்லை. தேசிப்புளி கல்சியப் படிவைக் கரைக்கும்.

இன்று சவர்க்காரம் பூசுவோரும் இதிலிருந்து பாடம் பெறலாம். சவர்க்காரத்தைக் குறைவாக இட்டு, நன்கு அலசுதல் வேண்டும். கொதிக்கவைத்துத் தெளிந்த நீரும், சேமித்த மழைநீரும் முகத்துக்கு உகந்தவை. ஈரம் உலருமுன் எண்ணெய் பூசினால் அந்த ஈரம் தோலில் நிலைக்கும்.

தீவுகளின் நன்னீர், உவர்நீரின்மேல் மிதக்கும் மெல்லிய படையே. அளவின்றி இறைத்தால் உவர் மேலேறும். உவரேறிய கிணற்றுக்கு எந்தப் பூச்சும் ஈடாகாது. ஆதலால் மேனியைக் காப்போர் முதலிற் காக்கவேண்டியது கிணற்றையே.