ஒரு பக்கம் நின்றுபோகும் வண்டி

மலாயாவின் பேராக் மாநிலத்தில் 'ஹைட்ராலிக்' என்ற சொல் முதலில் எண்ணெயை அன்று, தண்ணீரையே குறித்தது. 1890களில் கோப்பெங் வட்டார ஈயச் சுரங்கங்களில் மலையோடை நீரைக் குழாய்வழி இறக்கி, 'மானிட்டர்' எனப்பட்ட பீச்சுகுழலால் மண்மேட்டின்மேல் அடித்து, கரைந்த சேற்றிலிருந்து ஈயத் தாதைப் பிரித்தெடுத்தனர். அங்கே விசை குறைந்தால் காரணம் பெரும்பாலும் கண்ணெதிரே கிடந்தது: குழாய் பிளந்து நீர் பீறிடும், அல்லது ஓடை வற்றியிருக்கும்.

கோப்பெங்கிற்குத் தெற்கே, பத்தாங் பாடாங் மாவட்டத்துத் தாப்பாவில் அக்காலத்து மண்வேலை பெரிதும் மனிதக் கைகளையே நம்பியிருந்தது. 1893இல் தாப்பா ரோட்டிலிருந்து தெலுக் ஆன்சன் (இன்றைய தெலுக் இந்தான்) வரை ரயில் பாதை திறக்கப்பட்டது. கேமரன் மலைக்கு ஏறும் சாலை 1931இல் நிறைவுற்றது. மலாயாவின் இத்தகைய பாதைகளில் தமிழ்த் தொழிலாளர் 'சங்கோல்' என்னும் மண்வெட்டி பிடித்து வெட்டிச் சுமந்த உழைப்பு பொறியியல் வரலாறுகளில் உரிய இடம் பெறாதது பெருங்குறை. பின்னர் ரப்பர் தோட்டங்கள் பலவும் செம்பனைக்கு மாறி, மண்ணள்ளும் வேலை இயந்திரங்களின் கைக்குப் போனபோது, அவற்றின் நோயறியும் மெக்கானிக்கின் அறிவே தொழிலின் உயிராயிற்று.

அவ்வியந்திரங்களுள் 'ஸ்கிட் ஸ்டீர்' என்பது முன்சக்கரத்தைத் திருப்பாமல், இடப்பக்கச் சக்கரங்களையும் வலப்பக்கச் சக்கரங்களையும் வெவ்வேறு வேகத்தில் ஓட்டிச் சறுக்கியே திரும்பும் சிறு மண்வாரி. அமெரிக்காவின் மின்னசோட்டாவில் சிரில், லூயிஸ் கெல்லர் என்னும் சகோதரர்கள், தூண்கள் நெருங்கிய வான்கோழிக் கொட்டகையைத் துப்புரவாக்க 1957இல் மூன்று சக்கரங்களோடு செய்தளித்த வண்டியே அதன் மூதாதை. 1960இல் மெல்ரோ நிறுவனம் அதற்கு நான்காம் சக்கரம் சேர்த்தது. தொடக்க வண்டிகள் கிளட்ச், சங்கிலி ஆகியவற்றால் இயங்கின. பிற்காலத்தில் கிளட்சின் இடத்தை 'ஹைட்ரோஸ்டாடிக்' முறை பிடித்தது. இதில் எஞ்சின் இரு பம்புகளைச் சுழற்ற, ஒவ்வொரு பம்பும் தன் பக்க மோட்டாருக்கு உயரழுத்த எண்ணெயை அனுப்ப, மோட்டாரிலிருந்து திரும்பும் எண்ணெய் தொட்டிக்குப் போகாமல் நேரே பம்புக்கே வருகிறது. இந்த மூடிய சுற்றில் கசிந்து குறைவதை ஈடுசெய்யச் 'சார்ஜ் பம்பு' என்னும் சிறிய பம்பு இரு பக்கத்துக்கும் பொதுவாக எண்ணெய் ஊட்டுகிறது.

நோயறிதலின் தலைவாசல் இந்தப் பொதுமையே. இரு பக்கமும் ஒருசேரத் தளர்ந்தால் எண்ணெய் அளவு, வடிகட்டி, சார்ஜ் பம்பு எனப் பொதுவானவற்றையே முதலில் ஐயுற வேண்டும். ஒரு பக்கம் மட்டும் தளர்ந்தால், நலமான மறுபக்கம் வண்டிக்குள்ளேயே ஓர் அளவுகோலாக நிற்கிறது. நெம்புகோலிலிருந்து பம்புக்குச் செல்லும் இணைப்புத் தண்டு கழன்றோ தேய்ந்தோ இருப்பது எளிய காரணமாதலால், அதைப் பார்க்காமல் பம்பைக் கழற்றுவது வீண்செலவு. அது சரியாயிருப்பின், எஞ்சினை நிறுத்தி, அழுத்தத்தை இறக்கி, வண்டியைத் தாங்கிகள்மேல் நிறுத்தி, பம்புகளிலிருந்து மோட்டார்களுக்குச் செல்லும் குழாய்களை இடவலம் மாற்றி இணைப்பர். குறை மறுபக்கத்துக்குத் தாவினால் பம்போ அதன் அழுத்த வால்வோ பழுது. இருந்த பக்கத்திலேயே தங்கினால் பழுது மோட்டாரிலோ அதற்கு அப்பாலோ உள்ளது. ஆயினும் எண்ணெயில் உலோகத் துகள் மின்னினால் இச்சோதனையைத் தவிர்ப்பதே முறை, ஏனெனில் துகள் நலமான பக்கத்தையும் அரித்துவிடும்.

காலையில் நன்றாக ஓடி நண்பகலில் இழுவை குறையும் வண்டியில், வெப்பத்தால் நீர்த்த எண்ணெய் தேய்ந்த பிஸ்டன்களைக் கடந்து உள்ளேயே கசிகிறது. மோட்டாரின் வடிகுழாயில் வரும் எண்ணெயை இரு பக்கமும் அளந்து ஒப்பிட்டால் அது புலப்படும். வெளியே ஒழுகும் கசிவையோ வெறுங்கையால் தடவித் தேடவே கூடாது. அந்த அழுத்தத்தில் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே ஏறிவிடும்.

அழுத்தமும் ஓட்டமும் பழுதின்றியிருந்து, மோட்டாரின் தண்டு சுழன்றும் சக்கரம் அசையாத வண்டிகளும் உண்டு. அவற்றின் பக்கப்பெட்டியைத் திறந்தால், மோட்டாரையும் சக்கரங்களையும் பிணைக்கும் சங்கிலி, கெல்லர் சகோதரர்களின் காலத்திலிருந்தே வண்டியில் தங்கிவிட்ட அந்தப் பழைய உறுப்பு, அறுந்து கிடக்கும்.