வாரமும் குத்தகையும்: ஒரு நேர்கோட்டின் சமூக வரலாறு

கல்முனைக்குடிக்கு மேற்கே விரிந்து கிடக்கும் நெல்வயல்களின் வரலாறு பெருமளவுக்குப் போடியார்களுக்கும் வயலில் உழைத்தோருக்கும் இடையிலான விளைச்சற் பங்கீட்டின் வரலாறேயாகும். நெற்செய்கைக் குடியான்மையில் இப்பங்கீடு பொதுவாக இரு வடிவங்களைக் கொண்டது. விளைச்சலில் ஒரு பங்கைச் செலுத்துவது வாரம். விளைச்சல் எதுவாயினும் மாறாத அளவைச் செலுத்துவது குத்தகை.

இவ்விரண்டையும் ஒரே சமன்பாட்டில் அடக்கலாம்: உடைமையாளர் பெறுவது = (படித்திறன் × விளைச்சல்) + வெட்டுத்துண்டு. மேலதிகமாக விளையும் ஒவ்வொரு புசலிலும் உடைமையாளருக்குச் சேர்வது படித்திறன். எதுவும் விளையாதபோதும் அவருக்குச் சேரவேண்டியது வெட்டுத்துண்டு. அரைவாரத்தின் படித்திறன் 1/2, வெட்டுத்துண்டு 0. ஏக்கருக்குப் 12 புசல் குத்தகையெனின் படித்திறன் 0, வெட்டுத்துண்டு 12.

இவை வெறும் கணிதக் குறியீடுகளல்ல. ஏக்கரில் 60 புசல் விளைந்தால் அரைவாரம் 30 புசலைக் கொண்டுசெல்லும். குத்தகையோ 12 புசலுடன் நின்றுவிடும். வெள்ளத்தால் 20 புசலே மிஞ்சினால் வாரம் 10 புசல். குத்தகை அப்போதும் 12 புசல். படித்திறன் உழைப்பின் பெருக்கத்தைச் சுரண்டுகிறது. வெட்டுத்துண்டு இயற்கையின் அழிவு முழுவதையும் உழைப்பவன் தலையிற் சுமத்துகிறது. வாரக்காரன் வாங்கிய விதைநெற் கடனும் விளைச்சலுடன் குறையாத ஒரு வெட்டுத்துண்டே.

பிலிப் குணவர்த்தன கொணர்ந்த 1958ஆம் ஆண்டின் நெற்காணிச் சட்டம் இவ்விரு வடிவங்களையும் இணைத்தது. விளைச்சலின் காற்பங்கு, ஏக்கருக்குப் 12 புசல் ஆகிய இரண்டிற் குறைந்ததே குத்தகையின் உச்ச வரம்பாயிற்று. 48 புசல்வரை கோட்டின் படித்திறன் 1/4, அதற்கப்பால் 0. எனவே 40 புசலுக்கு 10 புசலும், 60 புசலுக்கு 12 புசலும் செலுத்தினாற் போதும். நட்டம் பகிரப்பட்டது, மேலதிக உழைப்பின் பயன் உழைப்பவனுக்கே உரித்தாயிற்று.

ஆயினும் சட்டம் மாற்றியது கோட்டையே, நிலவுடைமையை அன்று. நிலம் உடைமையாளர் வசமே இருந்தமையால், நாட்டின் பல பகுதிகளிலும் குடியானவர் வெளியேற்றப்பட்டனர். குடியானவராயிருந்தோர் கூலியாட்களாகக் காட்டப்பட்டனர். கூலியாளுக்கு இச்சமன்பாடு பொருந்தாது.

1894இல் வெளிவந்த 'மூலதனம்' மூன்றாம் தொகுதியில் மார்க்ஸ் நிலவாடகையின் வடிவங்களை உற்பத்தி உறவுகளின் வெளிப்பாடாகவே ஆராய்ந்தார். அந்நோக்கில், படித்திறனும் வெட்டுத்துண்டும் எவ்வளவு என்பது இரண்டாவது வினாவேயாகும். அவற்றை நிருணயிக்கும் அதிகாரம் எவரிடம் உள்ளது என்பதே முதல் வினா.