வருடை: ஆடோ, மானோ?

மைசூரினின்று நஞ்சன்கூடு, குண்டலுப்பேட்டை வழியே உதகைக்கு ஏறும் நம்மவர் பலரும் பூங்காவையும் ஏரியையும் கண்டு மீள்வர். சில ஆண்டுகளுக்கு முன் நாமும் நண்பர் சிலரும் அவ்வழியே சென்றது வேறு நோக்கத்தால். முக்கூர்த்திப் புல்வெளிகளில் செடிகொடிகளைக் கணக்கிட, வனத்துறையின் இசைவோடு சென்ற குழுவொன்றுக்குக் குறிப்பேடு எழுதும் பணி நமக்கு வாய்த்தது. எழுத்தர் தொழில் மலையுச்சியிலும் நம்மை விட்டபாடில்லை!

கயிற்றால் ஒரு சதுரம் அமைத்து, அதனுள் முளைத்திருப்பவை யாவை, எத்தனை என்று எண்ணுவதே வேலை. முற்பகல் முழுதும் மூடுபனி. அது விலகியபோது, மலைவிளிம்பில் சில உருவங்கள் நின்றன. முன்னே கருநிறக் கடாவொன்று. அதன் முதுகில் சேணம் இட்டாற்போல் வெண்சாம்பல் நிறம். பின்னே பெண்ணாடுகளும் குட்டிகளும். நாம் எழுதுகோலையும் மறந்து நின்றோம். சீழ்க்கை போன்ற கூரிய ஒலி ஒன்று எழுந்தது. மறுநொடி, மனிதர் எட்டிப்பார்க்கவும் அஞ்சும் செங்குத்துப் பாறையில் அவை இறங்கி மறைந்தன. "இது ஆடா, மானா?" என்று நண்பர் வினவினார். எளிய வினாவெனத் தோன்றினும், இதற்கு விடைகாண இரண்டாயிரம் ஆண்டு வரலாற்றைப் புரட்ட வேண்டியுள்ளது.

வரை என்பது மலை. வரையில் வாழும் ஆடு வரையாடு. சங்கப் புலவர் இதனை வருடை என்றனர். குறுந்தொகை 187ஆம் பாடலில் கபிலர், தாயிடம் வயிறாரப் பாலுண்டு மலைநிழலில் துள்ளும் வருடைக் குட்டியைக் காட்டுகிறார். அங்கே அது வருடைமான் எனப்படுகிறது. பரிபாடலின் 11ஆம் பாடலோ, கோள்நிலை கூறுமிடத்து மேட இராசியை வருடை என்னும் பெயரால் சுட்டுகிறது. மேடம் செம்மறிக்கடா என்பதை யாவரும் அறிவர். ஆக, ஒரே விலங்கு ஓரிடத்தில் மான்; பிறிதோரிடத்தில் செம்மறி.

மேலைநாட்டறிஞரும் இதே மயக்கத்தில் உழன்றனர். 1799 வரை மைசூரின் ஆட்சியில் இருந்த நீலமலை, திப்பு சுல்தான் வீழ்ந்தபின் கும்பினியார் கைக்கு மாறியது. தாவர அறிஞரும் வேட்டைக்காரரும் அடுத்தடுத்து மலையேறினர். 1819இல் பிரெஞ்சுத் தாவரவியலார் லெசனோ வந்தார். பின்னர் இராபர்ட் வைட் நீலமலைச் செடிகளைப் படங்களுடன் நூலாக்கினார். அப்படங்களுள் பலவற்றை வரைந்தோர் ரங்கையா, கோவிந்து என்னும் நம் நாட்டு ஓவியர்கள் என்பதை ஈண்டு நினைவுகூர்தல் தகும்.

1838இல் வில்லியம் ஓகில்பி வரையாட்டிற்கு அறிவியற்பெயர் சூட்டுகையில் 'ஹைலோக்ரியஸ்' என்றார். கிரேக்க மொழியில் காட்டுக்கடா என்பது அதன் பொருள். 1842இல் ஜான் எட்வர்டு கிரே 'வாரியாட்டோ' என்று எழுதினார். இலத்தீன் உடை பூண்ட நம் வரையாடே அது! முன்னவர் பெயரே நிலைத்தமையால் தமிழ்ப்பெயர் ஏட்டின் மூலையில் ஒதுங்கிற்று. நமக்கு அதில் சிறிது வருத்தமே. வேட்டையாடிய துரைமாரோ இதனை 'ஐபெக்ஸ்' என அழைத்துச் சுட்டுத் தீர்த்தனர். வேட்டை விலங்கு அருகுவது கண்டு அவர்களே 1877இல் சங்கம் அமைத்ததும், 1879இல் சட்டம் பிறந்ததும் தனிக்கதை.

நெடுங்காலம் இமயத்துத் தாரின் உடன்பிறப்பாகவே இது எண்ணப்பட்டது. 2005இல் மரபணுக்களை ஒப்பிட்ட ஆய்வு, இமயத்துத் தாரினும் செம்மறி இனமே இதற்கு நெருங்கிய உறவு எனக் காட்டிற்று. 'நீலகிரிட்ராகஸ்' என்னும் தனிப்பேரினம் அப்போது தோன்றியது. பரிபாடற் புலவர் மரபணுவை அறிந்திருந்தார் என்று நாம் கூற வரவில்லை. அத்தகைய பெருமிதம் வேண்டுவதில்லை. அவர் கண்ணால் கண்டு சொன்னார், அவ்வளவே.

இன்று இது தமிழ்நாட்டின் மாநில விலங்கு. 2023இல் இதற்கெனத் தனித்திட்டம் தொடங்கப்பெற்றது. 2024இல் நிகழ்ந்த கணக்கெடுப்பில் தமிழக மலைகளில் 1,031 வரையாடுகளும், 2025இல் 1,303ம் காணப்பட்டன. எண்ணிய இடங்களும் கூடியமையால், வேறுபாடு முழுவதையும் பெருக்கம் எனக் கொள்ளலாகாது.

துப்பாக்கியினும் பெருங்கேடு செய்தவை மரங்கள் எனில் வாசகர் வியக்கக்கூடும். விறகுக்கும் தோல் பதனிடும் பட்டைக்குமென ஆஸ்திரேலியாவினின்று கொணர்ந்த சீகை மரம், புல்வெளிகளை விழுங்கிற்று. மரம் நடுவது அறம் என்று கற்ற நமக்கு, புல்லே அங்குப் பழம்பெருங் குடி என்பது புரிய நாளாயிற்று. வெட்டினாலும் மண்ணில் உறங்கும் விதை பல்லாண்டு கழித்தும் முளைக்கும்.

ஆடுகள் மறைந்தபின் கயிற்றை அவை நின்ற இடத்திற்கு நகர்த்தினோம். புல்லினங்கள் ஐந்து, மேய்ந்த தடம் உண்டு, சீகைக் கன்றுகள் மூன்று. குழுத்தலைவர் சொல்ல, அவ்வாறே குறித்துக்கொண்டோம்.