சேத்தாரா குப்பி

இத்தாலியின் அமால்ஃபி கடற்கரையில் சேத்தாரா என்றொரு மீனவ ஊர் இருக்கிறது. அந்த ஊர்ச் சரக்கு ஒன்று அண்மையில் என் அடுப்படிக்கு வந்தது. இப்போது ஸ்பகெட்டி வெந்தாலே கை அந்தக் குப்பியைத்தான் தேடுகிறது. அதன் பெயர் 'கொலாத்தூரா தி அலீச்சி'. நெத்திலி இனத்து மீனிலிருந்து வடித்த, தேன் நிறத் தெளிசாறு.

அதன் கதை சலேர்னோ வளைகுடாவில் தொடங்குகிறது. வசந்தம் முதல் நடுக்கோடை வரை, இருட்டில் விளக்கைக் காட்டி மீன்கூட்டத்தை மேலே வரவைத்து வலையால் வளைப்பார்கள். கரை சேர்ந்ததும் தலையைக் கையாலேயே கிள்ளி, அதோடு குடலையும் உருவிவிடுவார்கள். பிறகு செஸ்ட்நட் அல்லது ஓக் மரத்தாலான சிறு பீப்பாயில் ஒரு வரிசை மீன், ஒரு வரிசை உப்பு என்று அடுக்கி, மரத்தட்டால் மூடி, மேலே கடற்கற்களைப் பாரம் ஏற்றுவார்கள்.

இதன்பின் சமையல், உப்பின் பொறுப்பு. அது மீனிலுள்ள நீரை வெளியே இழுக்கிறது. அழுகச் செய்யும் கிருமிகளையும் அண்டவிடுவதில்லை. மீனுக்குள் இருக்கும் நொதிகள் புரதத்தை அமினோ அமிலங்களாக உடைக்கின்றன. அவற்றுள் ஒன்றான குளுட்டமேட்தான் நாக்கை விட்டு இறங்க மறுக்கும் அந்த ருசிக்குக் காரணம். மாதக்கணக்கில் ஊறியபின், திரட்டி வைத்த சாற்றை மீன் அடுக்குகளின் வழியாகவே மறுபடி இறக்குவார்கள். பீப்பாயின் அடியில் துளையிட்டு, சொட்டுச் சொட்டாக வடிவதைப் பிடிப்பார்கள். டிசம்பரில், கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவு, இறைச்சி இல்லாத விருந்துக்குப் புதுச் சாறு தயார். 2020-இல் ஐரோப்பிய ஒன்றியம் இதற்குப் பிறப்பிடப் பாதுகாப்பு வழங்கியது.

இதன் மூதாதை, ரோமானியர்களின் 'காரும்' என்ற மீன் சாறு. அவர்கள் குடலையும் சேர்த்தே ஊறவைத்தார்கள். பொம்பெயி நகரில் அதை விற்றே செல்வம் சேர்த்த ஔலுஸ் உம்பிரிசியுஸ் ஸ்காவ்ருஸ், தன் வீட்டுத் தரையிலேயே சாறு நிரப்பும் சாடிகளை மொசைக் ஓவியமாகப் பதித்துக்கொண்டார். அந்தச் சரக்கு நம் கரையையும் தொட்டிருக்கிறது. புதுச்சேரிக்கு அருகே அரிக்கமேட்டில் கிடைத்த மத்தியதரைக்கடல் சாடித் துண்டுகளை ஆராய்ந்த எலிசபெத் லைடிங் வில், மதுவும் ஆலிவ் எண்ணெயும் வந்த சாடிகளோடு காரும் வந்தவற்றையும் அடையாளம் கண்டார்.

பீப்பாயில் இவ்வளவும் நடந்து முடிந்தபின் வீட்டில் நமக்கு மிஞ்சுவது பத்து நிமிட வேலை. நான்கு பேருக்கு 400 கிராம் ஸ்பகெட்டி. கொதிநீரில் உப்புப் போடக் கூடாது. குப்பிக்குள் இருப்பதே போதும். பாஸ்தா வேகும் நேரத்தில் ஓர் அகலக் கிண்ணத்தில் ஆளுக்கு ஒரு மேசைக்கரண்டி கொலாத்தூரா, அதைவிடச் சற்றுக் கூடுதலாக ஆலிவ் எண்ணெய், நசுக்கிய பூண்டு, நறுக்கிய பார்ஸ்லி, கிள்ளிய காய்ந்த மிளகாய் எல்லாவற்றையும் பச்சையாகவே கலந்து வைக்கலாம். கொஞ்சம் விறைப்பு இருக்கும்போதே ஸ்பகெட்டியை வடித்து, வெந்த நீர் இரண்டு கரண்டி விட்டுப் புரட்டினால் சாறு இழைகளில் நன்றாக ஒட்டிக்கொள்ளும்.

முதல் வாயில் மீன் நாற்றம் அடிக்கும் என்று பயந்தேன். வந்ததோ கருவாட்டின் காரமில்லாத, ஆழமான கடல் ருசி. கொலாத்தூராவை அடுப்பில் ஏற்றிக் கொதிக்கவிட்டால் மணம் பறந்து உவர்ப்புதான் தங்கும். சீஸும் வேண்டாம். பீப்பாய் முடித்து அனுப்பிய சமையலில் நாம் கை வைக்க வைக்க ருசி குறையத்தான் செய்யும்.